வீட்டுக்குள் வந்துவிட்ட நூலகம்: வழிகாட்டுவது யார்?

இங்கிலாந்தில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலருக்குத் தம் பிள்ளையின் கணிதப் புள்ளி மனப்பாடம். விஞ்ஞானப் புள்ளியும் அவ்வாறே. ஆனால் ஆங்கில இலக்கியத்தில் பிள்ளை எந்த நாடகத்தைப் படிக்கின்றது, வரலாற்றில் எந்தக் காலப்பகுதியைப் படிக்கின்றது என்று வினவினால், பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கின்றது.

இதனை அக்கறையின்மை என்று சொல்லிவிட முடியாது. சமன்பாடு எந்த மொழியிலும் சமன்பாடுதான். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படித்த ஒரு தந்தை, மேசையருகே அமர்ந்து அதனைத் தீர்த்துக் காட்டிவிடுவார். ‘மக்பெத்’ நாடகத்தை விரித்ததும் அந்தத் துணிவு அகன்றுவிடுகின்றது. நானூறு ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலம் இந்நாட்டுப் பெற்றோருக்கே கடினம். தமிழ் மொழிமூலம் கற்றவர் அங்கே என்ன செய்வார்? எனவே இரண்டில் ஒன்று நிகழ்கின்றது. வசதியுள்ளவர் மணித்தியாலக் கணக்கில் பணம் செலுத்தி ரியூசன் ஒழுங்கு செய்கின்றனர். வசதியற்றவர் கைத்தொலைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்து, ‘இன்ரநெற்றில் பார்’ என்று சொல்லிவிட்டு இரவு வேலைக்குப் புறப்படுகின்றனர்.

இரண்டாமவர் சொன்ன சொல்லில் தவறில்லை. உலகின் மிகச் சிறந்த நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் தமது கதவுகளை இணையத்தின் வழியே இலவசமாகத் திறந்து வைத்துள்ள காலம் இது. எனினும் வாசலைத் திறந்துவிடுவது மட்டும் போதாது. எந்த அறைக்குள் நுழைவது, எந்தத் தட்டிலிருந்து எதனை எடுப்பது, எடுத்ததை எவ்வாறு நம்புவது என்று சொல்லித்தர ஒரு நூலகர் வேண்டும். அந்த நூலகரின் பணியில் ஒரு பகுதியையேனும் பெற்றோர் ஏற்க இயலும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பரீட்சை எதனைக் கேட்கின்றது?

முதலில் தேவையை அறிந்துகொள்வோம். இங்கிலாந்தின் ஜி.சி.எஸ்.ஈ. ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்தில் நான்கு கூறுகள் உள்ளன: சேக்ஸ்பியரின் நாடகம் ஒன்று, 19 ஆம் நூற்றாண்டு நாவல் ஒன்று, 1914 இன் பின் பிரித்தானியத் தீவுகளில் எழுந்த புனைகதை அல்லது நாடகம் ஒன்று, 1789 முதல் இன்றுவரையான கவிதைகளின் தொகுப்பு ஒன்று. இவற்றோடு, முன்னர் வகுப்பில் படித்திராத கவிதை ஒன்றை வாசித்து விளக்கும் வினாவும் உண்டு. 2017 இல் முதன்முறையாகப் பரீட்சிக்கப்பட்ட இத்திட்டத்தில், நூலை மண்டபத்துக்குள் கொண்டுசெல்ல இடமில்லை.

வினாத்தாள்கள் கதைச் சுருக்கத்துக்குப் புள்ளி தருவதில்லை. ஆசிரியர் இச்சொல்லை ஏன் தெரிந்தார், இக்காட்சியை ஏன் இவ்விடத்தில் வைத்தார், அக்காலச் சமூகத்தோடு இதற்கு என்ன தொடர்பு என்பவற்றையே அவை வினவுகின்றன. வரலாற்றுத் தாளும் அவ்வாறே. ஓர் ஆவணத்தை முன்வைத்து, இது எவ்வளவு பயனுடையது, இதனை எழுதியவர் யார், எந்த நோக்கோடு எழுதினார் என்று கேட்கின்றது. ஆண்டுகளை மனனம் செய்தால் மட்டும் இதற்கு விடையளிக்க முடியாது.

பரீட்சைச் சபைகள் தமது கடந்தகால வினாத்தாள்களையும் புள்ளியிடும் திட்டங்களையும் பரீட்சகர் அறிக்கைகளையும் தத்தம் இணையத்தளங்களில் வைத்துள்ளன. அண்மைக்காலத் தாள்கள் சில மாதங்கள் ஆசிரியர்க்கு மட்டும் உரியனவாக இருக்கும். ஏனையவை எவர்க்கும் திறந்தவை. பரீட்சகர் அறிக்கையை எமது பெற்றோர் அறிந்திருப்பது அரிது. மாணவர் எங்கே சறுக்கினர், எத்தகைய விடை உயர்ந்தது என்பதைப் புள்ளியிட்டவர்களே எழுதிவைக்கும் அறிக்கை அது. பிள்ளையின் பாடசாலை எந்தச் சபையின் பரீட்சைக்கு ஆயத்தம் செய்கின்றது என்பதைக் கேட்டறிந்துகொள்ளல் வேண்டும். சபைக்குச் சபை நூல்களும் வினா அமைப்பும் வேறுபடும்.

மூலநூல் முதலில்

இலக்கியம் கற்பவர்க்கு முதற்றேவை மூலநூல். அமெரிக்கத் தலைநகர் வாசிங்டனில் 1932 இல் திறக்கப்பட்ட ஃபோல்ஜர் சேக்ஸ்பியர் நூலகம், சேக்ஸ்பியரின் நாடகங்கள் அனைத்தையும் பிழைதிருத்திய பதிப்பாக இணையத்தில் இலவசமாகத் தருகின்றது. ஒரு சொல் நாடகத்தில் எங்கெங்கே வருகின்றது என்பதைத் தேடிப் பார்க்கவும் முடியும். ‘மக்பெத்’ நாடகத்தில் இரத்தத்தைக் குறிக்கும் சொல்லை ஒரு மாணவி அவ்வாறு தேடிப் பட்டியலிட்டால், போர்க்களத்தில் வீரத்தின் அடையாளமாகத் தொடங்கும் இரத்தம், பின்னர் கழுவ முடியாத குற்றமாக மாறுவதைத் தானே கண்டுகொள்வாள். அவ்வாறு தானே கண்டதைப் பரீட்சை மண்டபத்தில் மறப்பது கடினம்.

நாவல்களுக்குக் குட்டன்பேர்க் திட்டம் உள்ளது. 1971 இல் மைக்கல் ஹார்ட் என்பவர் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை இலினோய் பல்கலைக்கழகக் கணனி ஒன்றில் தட்டெழுதி வைத்ததுடன் தொடங்கிய இம்முயற்சி, இன்று எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களை இலவசமாகத் தருகின்றது. டிக்கன்சின் ‘கிறிஸ்மஸ் கரோல்’, ஸ்டீவன்சனின் ‘ஜெக்கிலும் ஹைடும்’, மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’, சார்லட் பிரான்ரேயின் ‘ஜேன் அயர்’ ஆகிய பாடநூல்கள் யாவும் அங்கே உள.

வாசிக்கச் சோம்பும் பிள்ளைக்கும் ஒரு வழி உண்டு. 2005 இல் தொடங்கப்பட்ட லிப்ரிவொக்ஸ் என்னும் தன்னார்வ அமைப்பு, பதிப்புரிமை நீங்கிய நூல்களை உரத்து வாசித்து ஒலிநூல்களாகத் தருகின்றது. நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஒலியையும் செவிமடுத்தால், நீண்ட வாக்கியம் எங்கே மூச்சு விடுகின்றது என்பது புலப்படும். இராமாயணமும் பாரதமும் எமது கோயில் மண்டபங்களில் படிப்பும் பயனுமாகச் செவிவழியே வந்தவைதாமே.

இங்கே சட்டம் பற்றிய ஒரு தெளிவும் வேண்டும். இந்நாட்டில் ஆசிரியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 70 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். ஜோர்ஜ் ஓர்வெல் 1950 இல் மறைந்தமையால், அவருடைய ‘விலங்குப் பண்ணை’ 2021 சனவரி முதலாந் திகதி பொதுச்சொத்தாயிற்று. ‘இன்ஸ்பெக்டர் கோல்ஸ்’ நாடகத்தை எழுதிய பிறீஸ்ட்லி மறைந்தது 1984 இல். ஆகவே அந்நாடகத்தின் முழுப்பிரதி இலவசமாகக் கிடைப்பதாகக் கூறும் தளத்தைப் பிள்ளைகள் தவிர்த்தல் நன்று. அதனைப் பொதுநூலகத்தில் இரவல் பெறலாம்.

கவிதைக்கு ‘பொயற்றி ஆர்க்கைவ்’ என்னும் கவிதைக் காப்பகம் உண்டு. கவிஞர்களே தம் கவிதைகளைப் படித்த ஒலிப்பதிவுகள் அங்கே சேர்க்கப்பட்டுள்ளன. 1854 இல் பலக்லாவாப் போர்க்களத்தில் தவறான கட்டளையால் மாண்ட குதிரைப்படையினரைப் பற்றி ரெனிசன் பாடிய கவிதை, இங்கே பல பாடசாலைகளில் கற்பிக்கப்படுகின்றது. அதனை அவரே தமது முதுமையில், 1890 இல், மெழுகு உருளையில் பதிவு செய்தார். கரகரப்பினூடே ஒலிக்கும் அந்தக் குரலை இன்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தன் அறையிலிருந்து கேட்க முடிகின்றது. குதிரைகளின் குளம்பொலி போன்ற சந்தத்தை விளக்குவதற்கு அதனினும் நல்லாசான் வேண்டியதில்லை.

இரண்டு கையொப்பங்கள்

இனி வரலாற்றுக்கு வருவோம். இலண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம், ஆயிரம் ஆண்டு கால அரச ஆவணங்களைப் பேணி வருகின்றது. அதன் கல்விப் பிரிவு, தெரிந்தெடுத்த ஆவணங்களின் படத்தையும் அவற்றின் எளிய எழுத்துப் பெயர்ப்பையும் வினாக்களையும் சேர்த்துப் பாடங்களாக அமைத்து இலவசமாகத் தருகின்றது.

அக்காப்பகத்தில் உள்ள ஆவணங்களுள் கை ஃபோக்சின் வாக்குமூலங்கள் புகழ்பெற்றவை. 1605 நவம்பரில் நாடாளுமன்றத்தின் கீழே வெடிமருந்துப் பீப்பாய்களோடு பிடிபட்டவர் அவர். அவரைச் சித்திரவதை செய்து விசாரிக்க முதலாம் ஜேம்ஸ் மன்னர் எழுத்து மூலம் அனுமதி வழங்கினார். அதன் பின்னர் அவர் இட்ட கையொப்பம் மங்கிச் சிதைந்து, பெயரென்று சொல்ல இயலாத கிறுக்கலாகக் காணப்படுகின்றது. சில நாள்களின் பின்னர் இட்ட கையொப்பம் தெளிவாக உள்ளது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவர்க்கு, ஓர் ஆவணம் தன் வாயால் சொல்வது வேறு, தன்னையறியாது வெளிப்படுத்துவது வேறு என்பது விளங்கிவிடும். வாக்குமூலத்தின் வாசகம் குற்றத்தைக் கூறுகின்றது. கையொப்பம் அந்த வாசகம் பெறப்பட்ட விதத்தைக் கூறுகின்றது.

இந்தப் பாடத்தின் பொருள் எமது சமூகத்துக்குப் புதியதன்று. இலங்கையில் 1979 இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச்சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க இடமளித்தது. தெரியாத மொழியில் எழுதப்பட்ட தாளில் ஒப்பமிடுமாறு வற்புறுத்தப்பட்டவர்கள் எம் குடும்பங்களில் உள்ளனர். கை ஃபோக்சின் கையொப்பத்தைப் பிள்ளை திரையில் காட்டும்போது, ‘இது வெள்ளைக்காரர் சரித்திரம்’ என்று எழுந்து செல்லும் தந்தை, தான் சொல்லக்கூடிய மிகச் சிறந்த பாடத்தைச் சொல்லாது விடுகின்றார்.

இதே ஆவணம் இலக்கியத்துக்கும் துணைசெய்யும். வெடிமருந்துச் சதி முறியடிக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டளவில் எழுந்தது ‘மக்பெத்’ நாடகம். மன்னனைக் கொல்லுதல் என்னும் பொருள் அன்றைய இலண்டன் மக்களுக்கு வெறுங்கதையாக இருந்திருக்க முடியாது. சதி தொடர்பாக 1606 இல் தூக்கிலிடப்பட்ட ஹென்றி கார்னெற் என்னும் யேசுசபைக் குரு, இரட்டைப் பொருள்பட விடையளிப்பதை நியாயப்படுத்தியவர். நாடகத்தில் வாயிற்காவலன் அத்தகைய ஒருவனை எள்ளி நகையாடுகின்றான். சூனியக்காரிகளின் வாக்கும் இரட்டைப் பொருள் கொண்டதே. இந்தத் தொடர்பை ஒரு பந்தியில் எழுதத் தெரிந்த மாணவரின் விடை தனித்து நிற்கும்.

நீதிமன்ற ஏடுகளில் ஒரு நகரம்

‘கிறிஸ்மஸ் கரோல்’ 1843 திசம்பரில் வெளிவந்தது. ஏழைகளைத் தொழிலில்லங்களுக்குள் அடைத்து, அங்குள்ள வாழ்வை வேண்டுமென்றே கடுமையாக்கிய 1834 ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தை அறியாதவர்க்கு, ஸ்குரூச்சின் வன்சொற்களின் கூர்மை புரியாது. அச்சட்டம் பற்றிய பாடமொன்று தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் உண்டு. கடனுக்காகத் தந்தை சிறை செல்ல, பன்னிரண்டு வயதில் காலணி மைத் தொழிற்சாலையில் போத்தல்களுக்குச் சுட்டி ஒட்டிய சிறுவனே பின்னாளில் அந்நாவலை எழுதிய டிக்கன்ஸ் என்பதையும் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

அக்கால இலண்டனை நேரிற் காண விரும்புவோர் ‘ஓல்ட் பெய்லி’ நீதிமன்றப் பதிவுகளின் தளத்துக்குச் செல்லலாம். 1674 முதல் 1913 வரையான 197,745 குற்ற வழக்குகளின் விவரங்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. கைக்குட்டை திருடிய சிறுவர், துணி திருடிய பணிப்பெண்கள், கடல்கடத்தப்பட்டோர் எனப் பல்லாயிரம் எளிய மனிதரின் குரல்கள் சாட்சிக் கூண்டிலிருந்து ஒலிக்கின்றன. ஒரு வழக்கை வாசிக்கக் கால் மணித்தியாலம் போதும்.

பாடங்களை ஒழுங்குமுறையாக மீட்க விரும்புவோர்க்கு, 1998 இல் தொடங்கிய பி.பி.சி. பைட்சைஸ் தளமும், 2020 இல் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்ட வேளையில் தொடங்கிய ஓக் நஷனல் அக்கடமியும் உள. பைட்சைஸ் பரீட்சைச் சபைகளுக்கு ஏற்ப வகுக்கப்பட்டுள்ளது. ஓக் தளத்தில் ஆசிரியர் தயாரித்த பாடங்களும் பயிற்சிகளும் வரிசையாக உள. ரியூசனுக்குப் பணமில்லாத குடும்பம் முதலில் தட்ட வேண்டிய கதவுகள் இவை.

சுருக்கம் என்னும் குறுக்கு வழி

நாவலை வாசிக்காது சுருக்கத்தை மட்டும் வாசித்துப் பரீட்சைக்குச் செல்லும் வழக்கம் இணையத்தோடு பிறந்ததன்று. அமெரிக்காவில் ‘கிளிஃப்ஸ் நோட்ஸ்’ குறிப்பேடுகள் 1958 இலேயே தோன்றின. எமது ஊரிலும் பரீட்சை நெருங்கும் காலத்தில் ரியூட்டரிக் குறிப்புகள் கைமாறியதை மறந்தவர் இலர். 1999 இல் வந்த ‘ஸ்பார்க்நோட்ஸ்’ அதனை இணையத்துக்குக் கொண்டுவந்தது. இத்தகைய தளங்களை அறவே விலக்க வேண்டியதில்லை. நூலை வாசித்த பின்னர், விடுபட்டவற்றைச் சரிபார்க்க அவை உதவும். நூலுக்குப் பதிலாக அவற்றை வாசிப்பது, விருந்துக்குப் பதிலாக உணவுப் பட்டியலை உண்பது போன்றது.

இப்போது செயற்கை நுண்ணறிவு உரையாடற் கருவிகளும் வந்துவிட்டன. கேட்டவுடன் கட்டுரை எழுதித்தரும் அவை, நாடகத்தில் இல்லாத வரியை இருப்பதாகவும், எவரும் எழுதாத நூலை எழுதியதாகவும் தயங்காது சொல்லக்கூடியவை. எழுத்து நடை ஒழுங்காக இருப்பதால் பொய் தெரிவதில்லை. அவற்றை வைத்திருக்கும் பிள்ளைக்கு ஒரே ஒரு விதியைச் சொல்லலாம்: அது தரும் ஒவ்வொரு மேற்கோளையும் மூலநூலில் தேடிக் கண்ட பின்னரே குறிப்புப் புத்தகத்தில் எழுதுக.

உயர்தரத்தில் ஆங்கில இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் பாடநெறி ஆய்வுக்கட்டுரைக்கு 20 சதவீதப் புள்ளிகள் உண்டு. அங்கே இக்கருவிகள் எழுதியதைத் தன் சொந்த எழுத்தாகச் சமர்ப்பிப்பதைப் பரீட்சைச் சபைகளின் கூட்டுக்குழு முறைகேடாகவே கருதுகின்றது. பல ஆண்டு உழைப்பை ஒரு மாலைப்பொழுதின் சோம்பல் அழித்துவிடக் கூடாது.

சொல்பவர் யார், சான்று என்ன?

அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பேர்க், சாரா மக்றூ ஆகியோர் 2017 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பத்து வரலாற்றுப் பேராசிரியர், பத்துச் செய்தி சரிபார்ப்பாளர், இருபத்தைந்து மாணவர் ஆகியோரிடம் முன்பின் அறியாத இணையத்தளங்களைக் காட்டி மதிப்பிடச் செய்தனர். கற்றறிந்த பேராசிரியரும் மாணவரும் பெரும்பாலும் அந்தத் தளத்தின் உள்ளேயே நின்று, அதன் அழகிய தோற்றத்தையும் அதிகாரபூர்வமான பெயரையும் கண்டு ஏமாந்தனர். சரிபார்ப்பாளரோ சில கணங்களிலேயே அத்தளத்தை விட்டு வெளியேறி, அதனை நடத்துவோர் யார் என்று வேறு இடங்களில் தேடினர். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர் அவர்களே. இம்முறைக்குப் ‘பக்கவாட்டில் வாசித்தல்’ என்று பெயர். அக்குழுவினர் மாணவர்க்குக் கற்பிக்கும் வினாக்கள் மூன்று: இதனைச் சொல்பவர் யார்? இதற்குச் சான்று என்ன? பிறர் என்ன சொல்கின்றனர்?

இந்த மூன்று வினாக்களும் எமக்கு நன்கு பழக்கமானவை. அகதி விண்ணப்பம் செய்த ஒவ்வொருவரும் இவற்றை எதிர்கொண்டவர்தாம். எந்தத் திகதி, எந்த இடம், யார் கண்டது, தாள் உண்டா என்று கேட்கப்பட்டோம். எரிந்த வீட்டோடு பிறப்புச் சான்றிதழை இழந்தவர், ஒரு மருத்துவச் சீட்டுக்காகவும் தேவாலயப் பதிவேட்டின் ஒரு பக்கத்துக்காகவும் அலைந்தார். உண்மையாக நடந்ததாயினும் சான்றின்றிச் சொன்னால் அயலவர் நம்ப மாட்டார் என்பதை எம்மைவிட நன்கறிந்தவர் யார்?

தமிழ் இலக்கியமும் இதனையே காட்டுகின்றது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் பொற்கொல்லனின் சொல்லை ஆராயாது ஏற்றான், கோவலன் உயிரிழந்தான். கண்ணகி அவையில் அழுது மட்டும் நிற்கவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். தேவியின் சிலம்பின் பரல் முத்து என்று அரசனையே சொல்ல வைத்தாள். பின்னர் உடைத்துக் காட்டினாள். சான்றை முன்வைத்து வாதிட்ட அந்தப் பெண்ணின் கதையை அறிந்த தாய்க்கு, வரலாற்று வினாத்தாளின் நோக்கம் அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

எமது பிள்ளைகள் எம் நாட்டு வரலாற்றையும் இன்று திரையிலேயே தேடுகின்றனர். அங்கே அரசின் குரல் உண்டு; அதனை மறுக்கும் குரல்கள் உண்டு; எம்மவரே மிகைப்படுத்தி உருவாக்கிய காணொளிகளும் உண்டு. பகைவர் சொன்னதை மட்டும் சோதித்து, எம்மவர் சொன்னதைச் சோதிக்காது நம்பப் பிள்ளையைப் பழக்கினால், ஒருநாள் அதில் ஒரு பொய்யைக் கண்டதும் அப்பிள்ளை உண்மைகளையும் சேர்த்தே உதறிவிடும். பேரிழப்பைச் சந்தித்த ஒரு சமூகத்துக்கு அதனினும் பெரிய நட்டம் இல்லை.

எமது ஏடுகளும் அங்கே உள

1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியில், யூன் முதலாந் திகதி விடியுமுன், யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. 2005 இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழரின் நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எவரும் வாசிக்கத் தந்து வருகின்றது. பெற்றோர் தம் இளமையில் வாசித்த சஞ்சிகையின் இதழ் ஒன்றைப் பிள்ளைக்குக் காட்டுவதற்கு இப்போது கப்பலேற வேண்டியதில்லை.

ஆங்கில ஆவணங்களும் உண்டு. பிரித்தானிய நாடாளுமன்ற விவாதங்களின் பதிவான ஹன்சாட், 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இணையத்தில் உள்ளது. 1947 இல் இலங்கைச் சுதந்திரச் சட்டமூலம் விவாதிக்கப்பட்டபோது யார் என்ன பேசினர் என்பதைப் பிள்ளை தானே வாசிக்கலாம். கியூ காப்பகத்தில் சி.ஓ. 54 என்னும் தொடர், இலங்கையிலிருந்து குடியேற்ற அலுவலகத்துக்கு வந்த கடிதங்களைக் கொண்டது. அதன் அட்டவணையை வீட்டிலிருந்தே தேடலாம்.

இணையத்தில் உள்ளவை என்றும் நிலைக்கும் என்று எண்ணுவதும் பிழை. 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகம் கணனித் தாக்குதலுக்கு உள்ளாகி, இலக்கிய மாணவர் பெரிதும் நாடிய அதன் பக்கங்கள் உட்படப் பல சேவைகள் நீண்டகாலம் முடங்கின. நெருப்பின்றியும் நூலகங்கள் மூடப்படலாம். எனவே பயன்படும் பக்கத்தைக் கண்டால், முக்கிய குறிப்பைக் கைப்பட எழுதிவைக்கும் பழக்கத்தைக் கைவிடாதீர்கள். பொருளாதாரத் தடைக்காலத்தில் தாளுக்குத் தட்டுப்பாடு நிலவ, ஜாம் போத்தல் விளக்கொளியில் பழைய பயிற்சிக் கொப்பியின் ஓரங்களிலும் குறிப்பெழுதி உயர்தரம் சித்தியடைந்த மாணவரை நான் கற்பித்திருக்கின்றேன். அவர்கள் கையால் எழுதியது அவர்கள் மனத்தில் நின்றது.

பெற்றோர் செய்யக்கூடியவை

முதலாவது, குடும்பத்தில் அனைவரும் உள்ளூர்ப் பொதுநூலக அட்டையைப் பெறுங்கள். அது இலவசம். பல நூலகங்கள் அந்த அட்டை எண்ணைக் கொண்டே ஒக்ஸ்ஃபோர்ட் பெருஅகராதி, தேசிய வாழ்க்கை வரலாற்றகராதி போன்ற கட்டணத் தளங்களை வீட்டிலிருந்து பார்க்க அனுமதிக்கின்றன. சேக்ஸ்பியர் காலத்தில் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அந்தப் பெருஅகராதி கூறும்.

இரண்டாவது, வாரத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, அவ்வாரம் படித்த காட்சியைத் தமிழில் சொல்லுமாறு பிள்ளையைக் கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் போதாமை இங்கே நன்மையாகின்றது. கதை தெரியாத ஒருவருக்கு வேறொரு மொழியில் விளக்க வேண்டுமாயின், பிள்ளை அதனை முழுமையாக விளங்கியிருத்தல் வேண்டும். இடையிடையே ‘ஏன் அப்படிச் செய்தான்?’ என்று மட்டும் கேளுங்கள். பரீட்சகரும் அதனையே கேட்கின்றார்.

மூன்றாவது, தகவல் எதனையும் பிள்ளை கொண்டுவந்தால், மேற்சொன்ன மூன்று வினாக்களையும் கேளுங்கள். கேட்பவர் பட்டதாரியாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

நான்காவது, வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளை நடத்துவோர்க்கு ஒரு விண்ணப்பம். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் மேலதிக வகுப்பு வைக்கின்றீர்கள். மாதத்தில் ஒருநாள், ஒரு கணனியையும் திரையையும் வைத்து, ஓர் ஆவணத்தையோ ஒரு காட்சியையோ பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து வாசிக்க இடமளியுங்கள். இங்கே பிறந்து பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் வரலாறும் சட்டமும் கற்ற எம் இளையோர், கேட்டால் உதவிக்கு வருவர்.

வரலாறும் இலக்கியமும் தொழில் தராத பாடங்கள் என்னும் எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. பத்தாம் வகுப்புக்குப் பாடந்தெரியும் வேளையில் வரலாற்றைக் கைவிடுமாறு வற்புறுத்தும் பெற்றோரும் உளர். எமக்காக நீதிமன்றங்களில் வாதிடும் சட்டத்தரணிக்கும், எம்மைப் பற்றி எழுதும் பத்திரிகையாளருக்கும், குடிவரவு அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் ஒரு சொல் பிசகாது எழுதித்தரும் அயல்வீட்டு மகளுக்கும் அந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள். ஓர் ஆவணத்தை வாசிக்கவும், அதன் உள்ளே மறைந்திருப்பதைக் காணவும், கண்டதைப் பிறர் ஏற்கும்படி எழுதவும் கற்றவர்கள் அவர்கள். அந்தக் கல்விக்கு வேண்டிய நூல்களும் ஏடுகளும் இன்று காசின்றி வீட்டு மேசைக்கே வந்துள்ளன. வரும் சனிக்கிழமை பிள்ளையின் அருகில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, என்ன நூல் படிக்கின்றாய் என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம்.